கடலோரக் காதுகள்: தொண்டிப் பகுதியில் பதின்பருவ இசைப் பற்று

கொச்சியில் புறப்படும் 85ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை மூணாறு, தேனி, மதுரை, சிவகங்கை வழியாக வந்து தொண்டியில் கடலோடு முடிகிறது. மேற்கிலிருந்து வருகிறவருக்குத் தொண்டி கடைசி ஊர். பாக் நீரிணைக்கு அப்பாலிருந்து வருகிறவருக்கு அதுவே முதல் ஊர். சினிமாவும் கட்சிக் கூட்டமும் இந்த ஊருக்குச் சாலைவழி வந்தன; வானொலி கடல்மேல் வந்தது. இரண்டுக்கும் நடுவில் வளர்ந்த பிள்ளைகள் பதின்மூன்று பதினான்கு வயதில் ஒரு பாடகர்மீதோ இசையமைப்பாளர்மீதோ கொண்ட பற்று எப்படி உருவானது, தலை நரைத்த பிறகும் அது ஏன் விடுவதில்லை என்பதே இக்கட்டுரையின் கேள்வி.

வீட்டில் இதற்குச் சொல்லப்படும் விளக்கம் எளிது: வயசுக் கோளாறு, நாலு வருசத்தில் தெளிந்துவிடும். ஆய்வாளர்களில் ஒரு சாராரோ சந்தை விரித்த வலையில் இளவயது விழுகிறது என்றார்கள். இரண்டு விளக்கங்களும் பற்றுக்கொண்ட பிள்ளைக்குச் சொந்த புத்தி உண்டு என்பதை ஏற்பதில்லை. தொண்டிக் கடலோரத்தின் அனுபவம் அப்படிச் சொல்லவில்லை. படிப்பு, தொழில், கல்யாணம் என்று எல்லாவற்றையும் பெரியவர்களே முடிவுசெய்த வீடுகளில், ‘இது என் பாட்டு’ என்று ஒரு குரலைப் பிடித்துக்கொள்வது பிள்ளைகள் சொன்ன முதல் சொந்தத் தீர்ப்பாக இருந்தது. அந்தத் தீர்ப்பு நாலு பேர் காதில் விழும்படி சொல்லப்பட்டது. அது நீடித்ததற்கும் அதுதான் காரணம்.

பதினான்கு வயதின் கணக்கு

மாரிஸ் ஹோல்புரூக், ராபர்ட் ஷிண்ட்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1989இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பல வயதினருக்கும் பல காலத்துப் பாட்டுகளைப் போட்டுக்காட்டி எது பிடிக்கிறது என்று கேட்டார்கள். தமக்கு ஏறக்குறைய 24 வயது இருந்தபோது புழங்கிய பாட்டுகளுக்கே மக்கள் அதிக மதிப்பெண் கொடுத்தார்கள். 2020இல் இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கெல்லி யாகுபோவ்ஸ்கியும் குழுவினரும் 18 முதல் 82 வயது வரையுள்ளவர்களிடம் வேறொரு கேள்வி கேட்டார்கள்: எந்தப் பாட்டு உங்கள் வாழ்க்கை நினைவுகளைக் கிளப்புகிறது? 14 வயதை ஒட்டிய ஆண்டுகளின் பாட்டுகள் முன்னே நின்றன.

இந்த இரண்டு எண்களையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ரசனை பின்னால் பழுக்கலாம். நினைவில் பாட்டு வேர்விடுவது பதினான்கை ஒட்டித்தான். குரல் உடைவதும், பெண் பிள்ளை வயசுக்கு வருவதும், நான் யார் என்ற கேள்வி முதன்முதலாக எழுவதும் அந்த ஆண்டுகளில்தான்.

மூன்றாவது ஆய்வு நம் கடலோரத்துக்கு இன்னும் நெருக்கமானது. கரோல் கிரம்ஹான்ஸல், ஜஸ்டின் ஸுப்னிக் ஆகியோர் 2013இல் கல்லூரி வயதினரிடம் நடத்திய ஆய்வில், அவர்கள் பிறப்பதற்கு முன் வந்த பாட்டுகளும் அவர்களுடைய நினைவில் மேடிட்டிருப்பது தெரியவந்தது. அவை அவர்களின் பெற்றோர் இளமையில் கேட்ட பாட்டுகள். தகப்பன் பதினான்கு வயதில் பிடித்துக்கொண்ட பாட்டு வீட்டுக்குள் ஒலித்து ஒலித்து மகனின் நினைவிலும் இன்னோர் அடுக்காக இடம்பிடிக்கிறது.

அமெரிக்காவில் இதை எண்களாகக் கண்டறிந்தார்கள். தொண்டியில் இதற்கு ஓர் இயந்திரமே இருந்தது. பனைமரத்திலோ தென்னையிலோ கட்டிய கூம்புக் குழாய்தான் அது.

குழாய் ரேடியோவும் ஒரு குரலும்

ராமநாதபுரம் வட்டாரம் சங்கீதத்துக்குப் புதிதில்லை. பூச்சி ஸ்ரீநிவாச ஐயங்காரும், மிருதங்க மேதை சி.எஸ். முருகபூபதியும், பின்னாளில் அமெரிக்காவின் வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் கற்பித்த ராமநாதபுரம் கிருஷ்ணனும் இந்த மண்ணின் பெயரோடு அறியப்பட்டவர்கள். அந்த உலகத்தில் ஒரு வித்வான்மீது பித்துக்கொண்ட பையன் அவர் வீட்டில் தங்கிச் சீடனாக வேண்டும். அதற்குச் சாதி வேண்டும், வசதி வேண்டும், தொண்டை வேண்டும். இசைத்தட்டும் ஒலிபெருக்கியும் இந்த மூன்று நிபந்தனைகளையும் தள்ளிவைத்தன. இனி காது இருந்தால் போதும்.

1950களிலும் 60களிலும் ஊரில் கல்யாணம் என்றால் முதல்நாள் மாலையே மைக்செட்காரர் வந்துவிடுவார். குழாயை மரத்தில் ஏற்றிக் கட்டுவார். 78 சுற்று இசைத்தட்டின் ஒரு பக்கம் மூன்று நிமிடத்துக்குச் சற்றுக் கூடவே ஓடும். அதற்குள் அடுத்த தட்டு தயாராக இருக்க வேண்டும். தட்டைத் துடைக்க, முள்ளை மாற்ற, உறையில் திரும்பப் போட எப்போதும் பக்கத்தில் ஒரு பையன் நிற்பான். எந்தத் தட்டில் எந்தப் பாட்டு, பின்பக்கம் என்ன என்பதெல்லாம் அவனுக்கு மனப்பாடம். ஊரின் முதல் இசை ரசிகர்கள் இப்படிச் சம்பளமில்லாமல் வேலைபார்த்த பொடியன்களிலிருந்தே உருவானார்கள்.

எந்தப் பாட்டில் தொடங்குவது என்பதற்கு எழுதாத சட்டம் இருந்தது. கோயில் திருவிழா என்றால் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டு. முஸ்லிம் வீட்டுக் கல்யாணத்திலும் பாசிப்பட்டினம், ஏர்வாடி தர்காக்களின் கந்தூரியிலும் நாகூர் இ.எம். ஹனிபா. ஓரியூர் அருளானந்தர் கோயில் விழா என்றால் மாதா பாட்டுகள். குழாய்க்கு மதில் கிடையாது. மூன்று சமயத்துப் பிள்ளைகளும் மூன்று வகைப் பாட்டையும் கேட்டே வளர்ந்தார்கள்.

ஹனிபா இங்கே தனித்து நிற்கிறார். நாகூர்க்காரராக அறியப்பட்டாலும் அவர் பிறந்தது ராமநாதபுரத்தில். இஸ்லாமியப் பாடல் குழுவான பைத்து சபாவில் சிறுவனாகப் பாடத் தொடங்கி, இளவயதிலேயே சுயமரியாதை இயக்கத்தின் பக்கம் போய், திராவிட முன்னேற்றக் கழகத்தின் மேடைப் பாடகரானவர். சட்ட மேலவை உறுப்பினராகவும், வக்பு வாரியத் தலைவராகவும் இருந்தார். 2015 ஏப்ரல் 8 அன்று சென்னையில் காலமாகும்வரை கட்சி மாறவில்லை. பள்ளிவாசல் தெருவில் அவர் மார்க்கப் பாடகர். பேருந்து நிலையத்துப் பொதுக்கூட்டத்தில் அவரே கட்சிப் பாடகர். ஒரே குரல் இரண்டு கூட்டங்களையும் தன் பக்கம் இழுத்தது. ‘இறைவனிடம் கையேந்துங்கள்’ பாட்டை முஸ்லிம் அல்லாதவர்களும் தம்முடையதாகவே கொண்டாடியதற்கு இந்த இரட்டைப் பழக்கமும் ஒரு காரணம்.

அவர் பாடியது உச்ச ஸ்தாயியில். ஒலிபெருக்கி மோசமாக இருந்தாலும், காற்று எதிரே அடித்தாலும் சொல் தெளிவாக விழும். கடலோர ஊருக்கு இது சாதாரணத் தகுதி இல்லை. பைத்து சபாக்களில் பாடிய சிறுவர்கள் அவரைப் போலவே உச்சத்தில் பாடிப் பார்த்தார்கள். பதின்மூன்றிலோ பதினான்கிலோ குரல் உடைந்ததும் அந்த உச்சம் கைவிட்டுப் போனது. நேற்றுவரை தன் தொண்டையில் இருந்த குரல் இன்று குழாயில் மட்டுமே கேட்கிறது. பாடகனாக இருந்த சிறுவன் ரசிகனாக மாறும் கணம் இது என்று கருத இடமிருக்கிறது. தன்னிடமிருந்து போன ஒன்றை இன்னொருவர் காப்பாற்றி வைத்திருக்கிறார் என்ற நன்றியும் அந்தப் பற்றில் கலந்திருந்திருக்க வேண்டும்.

கடல்மேல் வந்த அலைவரிசை

1952இல் தகவல் ஒலிபரப்பு அமைச்சரான பி.வி. கேஸ்கர் அகில இந்திய வானொலியிலிருந்து சினிமாப் பாட்டை ஏறக்குறைய விரட்டினார். அதைச் சரிக்கட்ட விவித் பாரதி வந்தது 1957 அக்டோபரில். இடைப்பட்ட ஆண்டுகளில் சினிமாப் பாட்டுக்கு அலைந்த இந்தியக் காதுகளை இலங்கை வானொலி அள்ளிக்கொண்டது. வடக்கே அமீன் சயானியின் இந்தி நிகழ்ச்சி; தெற்கே தமிழ் வர்த்தக சேவை.

ராமநாதபுரம் கடலோரத்துக்கு இதில் இயற்கையே சலுகை கொடுத்தது. உப்புநீர் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும். அதனால் மத்திய அலை வறண்ட நிலத்தின்மேல் போவதைவிடக் கடற்பரப்பின்மேல் நெடுந்தூரம் வலுக்குறையாமல் போகும். உள்நாட்டு ஊர்களில் இரைச்சலோடு கேட்டது தொண்டி, நம்புதாளை, தேவிபட்டினம் வீடுகளில் உள்ளூர் நிலையம்போல் கேட்டது. காலையில் ‘பொங்கும் பூம்புனல்’, பிறகு ‘நேயர் விருப்பம்’, பிறந்தநாள் வாழ்த்து, பி.எச். அப்துல் ஹமீதின் ‘பாட்டுக்குப் பாட்டு’. மயில்வாகனம், கே.எஸ். ராஜா, ராஜேஸ்வரி சண்முகம் என்ற அறிவிப்பாளர்களும் பாடகர்களுக்கு இணையாக நேசிக்கப்பட்டார்கள். பாடியவர், எழுதியவர், இசையமைத்தவர், படம் என்று ஒவ்வொரு பாட்டுக்கும் அவர்கள் பிறப்புச் சான்றிதழ் வாசித்தார்கள். தமிழ்ப் பிள்ளைகள் பலர் இசையமைப்பாளர் என்று ஒருவர் இருப்பதையே அப்படித்தான் அறிந்தார்கள்.

பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய வாசல். பிரிட்டனில் இளம்பெண்களின் இசைப் பித்து அவர்களுடைய படுக்கையறைக்குள் வளர்கிறது என்று ஏஞ்சலா மெக்ராபியும் ஜென்னி கார்பரும் 1976இல் எழுதினார்கள். சுவரில் படம், கையில் பத்திரிகை, சிறிய ரெக்கார்டு பிளேயர், ஒரு தோழி. தொண்டியில் அப்படி ஒரு தனியறை ஏது? வயசுக்கு வந்ததும் பலரின் படிப்பு நின்றது. கச்சேரி, பொதுக்கூட்டம் எதற்கும் போக முடியாது. மாடியிலோ ஜன்னலோரத்திலோ நின்று காது கொடுக்கலாம். வீட்டு வானொலி ஒன்றுதான் வெளியுலகம். அதுவும் பெத்தா, உம்மா, சின்னம்மா என்று எல்லோரும் இருக்கும் கூடத்தில். அடுப்பு வேலைக்கு நடுவே ஒரு குரல் வந்ததும் நின்று கேட்கிற பெண்ணை வீடே கவனிக்கும். ‘இவளுக்குச் சுசீலா பாட்டுன்னா உசிரு’ என்ற பேச்சு அப்படி உருவாகும். ஊர் அவளுக்கு வழங்கிய மிகச் சில அடையாளங்களில் அவளே தேர்ந்தது அது.

அடுத்தது பாட்டு நோட்டு. வானொலியில் ஒரு பாட்டு ஓடும்போதே எழுதுவார்கள். முதல் தடவை பல்லவி கிடைக்கும்; அனுபல்லவியில் இரண்டு சொல் தவறும். அடுத்த முறை அந்தப் பாட்டு எப்போது வரும் என்று தெரியாது. விட்ட இடத்தைக் கோடிட்டு வைத்துக் காத்திருப்பார்கள். பக்கத்து வீட்டுப் பெண்ணின் நோட்டில் அந்தச் சொல் இருக்கலாம். அதற்காக அவள் வீட்டுக்குப் போவதே ஓர் உறவு.

டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு ஆய்வாளர்கள் 1956இல் ஒருதலை உறவு என்ற கருத்தை முன்வைத்தார்கள். வானொலியில் பேசுகிறவர் நம்மோடு நேரே பேசுவதுபோல் தோன்றும். அவருக்கோ நம்மைத் தெரியாது. இலங்கை வானொலி இந்த ஒருதலைத் தன்மையைக் கொஞ்சம் உடைத்தது. அஞ்சலட்டை போட்டால் பெயரும் ஊரும் வாசிக்கப்படும். தான் எழுதிய பெயரைக் கொழும்பு உச்சரிப்பதை ஊரே சேர்ந்து கேட்கும். ரசிகராக இருப்பதற்கு இப்படியொரு பகிரங்கப் பதிவு கிடைத்தது.

சபுராளி கொண்டுவந்த பெட்டி

1970களின் நடுவில் எண்ணெய் விலை ஏறியதும் வளைகுடா நாடுகள் ஆள் எடுத்தன. இலங்கை, மலேயா, பர்மா என்று ஏற்கெனவே பயணம் பழகியிருந்த கடலோரக் குடும்பங்கள் இப்போது சவூதிக்கும் துபாய்க்கும் போயின. ஊர் திரும்பும் சபுராளி, அதாவது வெளிநாடு போய்வருகிறவர், கையில் தவறாமல் வானொலியும் கேசட்டும் சேர்ந்த ஒரு டூ-இன்-ஒன் இருந்தது. அதே காலத்தில், 1976இல், ‘அன்னக்கிளி’ வந்தது. தொண்டியில் முடியும் அதே நெடுஞ்சாலை கடந்துவரும் தேனிச் சீமையின் பண்ணைப்புரத்திலிருந்து புறப்பட்டவர் இளையராஜா. கிராமத்துப் பிள்ளைகளுக்கு அவர் பாடகர்களையும் தாண்டிய நாயகரானார். கேசட் உறையில் நடிகர் படத்தைவிட இசையமைப்பாளர் பெயரைத் தேடும் வழக்கம் அவரோடு பரவலானது.

பழைய ரசிகர் ஊர் போட்டதைக் கேட்டார். கேசட் தலைமுறை பட்டியல் போட்டது. ரெக்கார்டிங் சென்டருக்கு ஒரு காகிதத்தில் பாட்டுகளை எழுதிக்கொண்டு போக வேண்டும். 60 நிமிடக் கேசட்டில் பக்கத்துக்கு 30 நிமிடம். நாலரை நிமிடப் பாட்டு என்றால் ஒரு பக்கத்துக்கு ஆறு தாராளமாகப் பிடிக்கும். ஏழாவது கடைசியில் அறுந்துபோகலாம். ஆகவே எதைச் சேர்ப்பது, எதை விடுவது என்று இரவெல்லாம் அடித்து எழுதுவார்கள். கடைக்காரர் பட்டியலைப் பார்த்து ஒரு தீர்ப்புச் சொல்வார்: இது நல்லாயிருக்கும், இதுக்குப் பின்னாடி இதப் போடாத. அவருடைய பாராட்டைப் பெறவே அபூர்வமான பாட்டுகளைத் தேடிய பையன்கள் உண்டு. பதிந்து வந்ததும் கேசட்டின் பின்விளிம்பில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் தடுப்புகளையும் உடைத்துவிடுவார்கள். அதன்பின் யாரும் அதன்மேல் வேறெதையும் பதிய முடியாது. வாப்பாவே நினைத்தாலும் முடியாது, தடுப்பு உடைந்த இடத்தில் காகிதம் ஒட்டினாலொழிய. பதினைந்து வயதில் எடுத்த ஒரு முடிவுக்கு இத்தனை பலம் வேறெங்கும் கிடைக்கவில்லை.

தமிழ்நாட்டு ரசிகர்களைப் பற்றிய முக்கியமான நூல்கள் நடிகர்களின் ரசிகர்களையே பேசின. மதுரையின் ஏழை எளிய மக்களும் சினிமாவும் பற்றி சாரா டிக்கி 1993இல் எழுதினார். எம்.ஜி.ஆர். பிம்பத்தின் அரசியலை எம்.எஸ்.எஸ். பாண்டியன் 1992இல் அலசினார். ஒரு நடிகரின் ரசிகர் என்பதற்கு மன்றம், கொடி, கட்டவுட், முதல்நாள் காட்சி என்று ஊரறிந்த சடங்குகள் இருந்தன. இசை ரசிகருக்குக் காதும் பட்டியலும்தான் மூலதனம். முன்னிசையின் இரண்டு நொடியில் பாட்டைச் சொல்வது, கோரஸில் ஒளிந்திருக்கும் குரலை இனங்காண்பது ஆகியவைதான் அவர்களுடைய போட்டி. இதில் வெல்லப் பணமோ உடல்பலமோ வேண்டாம். வகுப்பில் கடைசி மார்க் வாங்கும் பையனும் ஜெயிக்கலாம்.

தகப்பனின் பாட்டும் மகனின் பாட்டும் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளவில்லை. 1992இல் வெளிவந்த ‘செம்பருத்தி’ படத்தில் இளையராஜா இசையில் நாகூர் ஹனிபா பாடினார். அதே ஆண்டில் ‘ரோஜா’வோடு ஏ.ஆர். ரஹ்மான் வந்து அடுத்த தலைமுறையை எடுத்துக்கொண்டார். கிரம்ஹான்ஸல் சொன்ன அடுக்கு நினைவை ஒரே வீட்டுக் கூடத்தில் கேட்கலாம்: அப்பாவுக்கு ஹனிபா, அண்ணனுக்கு இளையராஜா, தம்பிக்கு ரஹ்மான். மூவருக்கும் பெட்டி ஒன்று. யார் முறை என்று சண்டை வரும். மற்றவர் பாட்டை வேண்டாவெறுப்பாகக் கேட்டுக் கேட்டே அதுவும் மனப்பாடமாகும்.

எதிர்ப்பும் ஒரு கவனிப்பு

இந்தப் பற்று எதிர்ப்பில்லாமல் நடக்கவில்லை. இசை மார்க்கத்தில் ஆகுமா ஆகாதா என்ற விவாதம் ஆலிம்களிடையே பழையது. 1980களில் வலுப்பெற்ற தவ்ஹீத் பிரசாரம் தர்கா வழிபாட்டையும், அவுலியாக்களை அழைத்துப் பாடும் பாட்டுகளையும் கடுமையாகச் சாடியது. அந்தப் பிரசாரத்தின் முதன்மைப் பேச்சாளர்களில் ஒருவரான பி. ஜைனுல் ஆபிதீன் தொண்டிக்காரர். அந்தப் பிரசாரமும் கேசட்டில்தான் பரவியது. பாட்டு ஓடிய அதே டூ-இன்-ஒன்னில் பயான் என்ற மார்க்கச் சொற்பொழிவும் ஓடியது. பல வீடுகளில் பதின்பருவத்துப் பிள்ளை எதைக் கேட்பது என்ற தகராறு கொள்கைத் தகராறாகவும் மாறியது. ஒரு பாட்டைக் கேட்பதற்கு நியாயம் சொல்ல வேண்டியிருந்ததால், தனக்கு அது ஏன் பிடிக்கிறது என்று அந்தப் பிள்ளை யோசிக்கவும் நேர்ந்தது. தடுத்தவர்களும் ஒரு வகையில் அந்தப் பற்றைப் பொருட்படுத்தியவர்களே.

கப்பல் தேடிப் போன மூவர்

2024 ஜனவரியில் கரூர் மாவட்டத்தைச் சேர்ந்த எட்டாம் வகுப்புச் சிறுமியர் மூவர் வீட்டில் சொல்லாமல் கிளம்பினார்கள். மூவருக்கும் 13 வயது. தென்கொரியாவின் பி.டி.எஸ். இசைக்குழுவினரை நேரில் பார்க்க வேண்டும். கையில் 14 ஆயிரம் ரூபாய். விசாகப்பட்டினம் போய்க் கப்பலேறிக் கொரியா போவது திட்டம். காட்பாடி ரயில் நிலையத்தில் மீட்கப்பட்டு வீடு சேர்ந்தார்கள். செய்தியைப் படித்த பலர் சிரித்தார்கள். சிலர் கைபேசியைத் திட்டினார்கள்.

தொண்டியின் வரலாற்றோடு வைத்துப் பார்த்தால் அவர்களுடைய பற்றில் புதிதாக எதுவும் இல்லை. பதின்மூன்று வயது, அந்நிய மண்ணிலிருந்து வரும் குரல், ஒரு கூட்டாளிக் குழு. எல்லாமே ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பும் இருந்தவை. மாறியது கேட்கும் இடம். கூடத்தில் ஒலித்த வானொலியை வீடே கேட்டது; மரத்துக் குழாயை ஊரே கேட்டது; கேசட் பட்டியலைக் கடைக்காரராவது வாசித்தார். காதுக்குள் செருகிய இயர்போனை வேறு யாரும் கேட்பதில்லை. தம் பிள்ளை யாருடைய ரசிகை என்பதைப் பெற்றோர் காவல் துறை சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை இப்படித்தான் வருகிறது. அடுக்கு நினைவும் இங்கே அறுகிறது: மகள் கேட்டது அம்மாவின் காதில் விழவில்லை, அம்மாவின் பாட்டு மகளை எட்டவில்லை.

பழைய காலம் பொற்காலம் இல்லை. குழாயின் இரைச்சலில் நோயாளிகள் தூக்கம் இழந்தார்கள். பெண்கள் ஜன்னலுக்குப் பின்னால் நின்றே கேட்டார்கள். இன்றைய பிள்ளைக்குத் தேர்வுச் சுதந்திரம் எவ்வளவோ அதிகம். ஆனால் அந்தத் தேர்வைக் கேட்டுக் கிண்டலடிக்கவோ, எதிர்க்கவோ, கூடச் சேர்ந்து பாடவோ வீட்டில் யாரும் இல்லை என்றால் பிள்ளை அந்தப் பற்றைத் தனியே சுமக்கிறது. அதைச் சரிசெய்யத் தடையோ பறிமுதலோ உதவாது.

பெற்றோரும் ஆசிரியரும் செய்யக்கூடியது ஒன்று உண்டு. ‘படிக்கிற வயசுல இது எதுக்கு?’ என்று கேட்பதற்கு முன், ‘எந்தப் பாட்டு, போடு கேப்போம்’ என்று சொல்லுங்கள். இயர்போனைக் கழற்றி, கூடத்தில் எல்லோரும் கேட்கும்படி ஒரு பாட்டு முழுதாக ஓடட்டும். பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லுங்கள், ஏன் என்றும் சொல்லுங்கள். பிறகு உங்கள் பதினான்கு வயதுப் பாட்டு ஒன்றைப் போட்டுக் காட்டுங்கள்.